டீசல் இயந்திரத்துக்குத் தீ வைப்பது யார்?



"பெட்ரோல் இயந்திரத்துக்கும் டீசல் இயந்திரத்துக்கும் என்ன வேறுபாடு?" இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் உடனே கை தூக்கிடுவாங்க. "டீசல்ல ஸ்பார்க் பிளக் இல்லை, சார்!" சரியான விடைதான். ஒரு புள்ளி கிடைக்கும்.

அடுத்து, "ஏன் இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். "அது இல்லாம எப்படி எரியுது?" என்று கேட்டால், இன்னும் அமைதி. தேர்வில் நம் பிள்ளைகள் புள்ளிகளை இழப்பதும் இந்த இடத்தில்தான். வேறுபாடுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள எல்லா வரிகளும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. அந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் பட்டியலை மனப்பாடம் பண்ணவே வேண்டாம். நீங்களே எழுதிவிடலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் ஒரு மூங்கில் குழாய்

லைட்டரும் தீப்பெட்டியும் வருவதற்கு முன்பே நம் வட்டாரத்து மக்கள் தீ மூட்ட ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள். மலாய் மொழியில் அதற்குக் கோபெக் ஆப்பி என்று பெயர். வெற்றிலை பாக்கு இடிக்கும் சிறு கருவியைக் கோபெக் என்பார்கள். ஆப்பி என்றால் தீ. மூங்கில், மரம் அல்லது கொம்பினால் செய்த ஒரு குழாய். அதன் ஒரு முனை அடைத்திருக்கும். அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் ஒரு சிறு குழி, அதில் பஞ்சு போன்ற காய்ந்த துகள்.

தண்டைக் குழாய்க்குள் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. உடனே வெளியே இழுத்தால் துகளில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். கல் உரசவில்லை, தீக்குச்சி இல்லை. உள்ளே இருந்தது காற்று மட்டும்தான். அந்தக் காற்றைச் சட்டென்று அமுக்கியதால் அது பயங்கரமாகச் சூடாகி, துகளைப் பற்ற வைத்தது.

இந்தக் குழாயை இரும்பில் செய்யுங்கள். தண்டுக்குப் பதில் பிஸ்டன். துகளுக்குப் பதில் டீசல் எண்ணெய். அவ்வளவுதான், டீசல் இயந்திரத்தின் அடிப்படை உங்கள் கையில் வந்துவிட்டது.

2. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். "உராய்வினால்" என்று பல மாணவர்கள் எழுதுவார்கள். உராய்வும் கொஞ்சம் உண்டு. ஆனால் முக்கியக் காரணம் வேறு. காற்றை அமுக்கும்போது நாம் அதன் மீது வேலை செய்கிறோம். அந்த ஆற்றல் காற்றின் மூலக்கூறுகளுக்குள் போகிறது. அவை இன்னும் வேகமாக ஓடுகின்றன. வேகமாக அமுக்கினால் வெப்பம் வெளியேற நேரமே இல்லை. அதனால் வெப்பநிலை ஏறுகிறது.

எவ்வளவு ஏறும்? ஒரு டீசல் இயந்திரத்தின் அமுக்க விகிதம் 18 என்று வைத்துக்கொள்வோம். அதாவது, பிஸ்டன் கீழே இருக்கும்போது 18 பங்கு இடத்தில் இருந்த காற்று, பிஸ்டன் மேலே வந்ததும் 1 பங்கு இடத்துக்குள் திணிக்கப்படுகிறது. மலாய் நூல்களில் இதை நிஸ்பா மம்பாத்தான் என்பார்கள்.

தொடக்கத்தில் காற்று 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். வெப்பம் வெளியேறாமல் அமுக்கினால், வெப்பநிலை 18-இன் 0.4 அடுக்கு மடங்கு ஏறும். அது ஏறத்தாழ 3.18 மடங்கு. 300-ஐ 3.18-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 953 கெல்வின். செல்சியஸில் 680 டிகிரி! அழுத்தமோ வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 57 மடங்கு. உண்மையான இயந்திரத்தில் சிலிண்டர் சுவர் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே இதைவிடக் குறையும். இருந்தாலும், போதும் போதும் என்ற அளவுக்குச் சூடு இருக்கும்.

படிவம் 4 இயற்பியலில் வாயு விதிகளைப் படிக்கும் மாணவர்கள் இதைச் சரிபார்க்கலாம். அழுத்தம் × கன அளவு ÷ வெப்பநிலை என்பது மாறாமல் இருக்க வேண்டும். அமுக்குவதற்கு முன்: 1 × 18 ÷ 300 = 0.06. அமுக்கிய பிறகு: 57.2 × 1 ÷ 953 = 0.06. பொருந்துகிறதா? இங்கே பாயில் விதியை மட்டும் போட்டால் அழுத்தம் 18 மடங்கு என்றுதான் வரும். பாயில் விதிக்கு வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும், இங்கே மாறிவிட்டது. இது மாணவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம், கவனம்.

டீசல் எண்ணெய் ஏறத்தாழ 210 டிகிரியில் தானாகவே பற்றிக்கொள்ளும். 500, 600 டிகிரிக் காற்றுக்குள் அதைப் பனித்துளி போலப் பீய்ச்சினால் என்ன ஆகும்? தீ வைக்க யாரும் வேண்டாம். சூடான காற்றே தீ வைத்துவிடும். ஸ்பார்க் பிளக் ஏன் இல்லை என்பதற்கு இதுதான் விடை.

3. நான்கு வீச்சுகள்

பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழோ, கீழிருந்து மேலோ போவது ஒரு வீச்சு. மலாய் நூல்களில் லெஜாங். நான்கு வீச்சுகள் சேர்ந்தது ஒரு சுற்று.

உறிஞ்சு வீச்சு: பிஸ்டன் கீழே இறங்குகிறது. உள்வால்வு திறந்திருக்கிறது. காற்று மட்டும் உள்ளே வருகிறது. "காற்று மட்டும்" என்ற இரண்டு சொல்லை மறக்காதீங்க. வழக்கமான பெட்ரோல் இயந்திரத்தில் இந்த இடத்தில் காற்றும் பெட்ரோலும் கலந்து வரும்.

அமுக்க வீச்சு: இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றன. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை அமுக்குகிறது. காற்று கொதிக்கிற சூடாகிறது.

திறன் வீச்சு: பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பு, இஞ்செக்டர் டீசலை மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சுகிறது. துளிகள் ஆவியாகிப் பற்றிக்கொள்கின்றன. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்கில் வேலை தருவது இந்த ஒன்று மட்டும்தான்.

வெளியேற்று வீச்சு: வெளிவால்வு திறக்கிறது. பிஸ்டன் மேலே ஏறிப் புகையை வெளியே தள்ளுகிறது.

நான்கு வீச்சுக்குக் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும். கோயில் திருவிழாவுக்கு வைக்கிற டீசல் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பெரும்பாலும் அது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அதாவது வினாடிக்கு 25 சுற்று. அப்படியென்றால் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் இந்தக் குட்டித் தீ எரிந்து அணைகிறது.

4. ஒரே காரணம், பல விளைவுகள்

இனி நீங்கள் மனப்பாடம் செய்த பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொன்றையும் "அமுக்கத்தால் பற்ற வைப்பது" என்ற காரணத்தோடு முடிச்சுப் போடுவோம்.

ஏன் எடை அதிகம்? உள்ளே அழுத்தம் அதிகம். சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் தண்டு எல்லாம் அதைத் தாங்க வேண்டும். அதனால் கனமாகச் செய்கிறார்கள்.

ஏன் எரிபொருள் மிச்சமாகிறது? அமுக்க விகிதம் கூடக் கூட, எரிந்த வாயு அதிகமாக விரிந்து, தன் வெப்பத்தில் கூடுதல் பங்கை வேலையாக மாற்றும். பெட்ரோல் இயந்திரத்தின் விகிதம் பொதுவாக 8 முதல் 12 வரை. டீசலில் 14 முதல் 22 வரை. "அப்போ பெட்ரோலையும் 18 மடங்கு அமுக்கலாமே?" என்று ஒரு கெட்டிக்கார மாணவன் கேட்பான். கேட்கட்டும்! பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருள் ஏற்கெனவே காற்றோடு கலந்து உள்ளே இருக்கிறது. ரொம்ப அமுக்கினால் பொறி வருவதற்கு முன்பே கண்ட இடத்தில் வெடிக்கும். டீசலில் அமுக்கும்போது உள்ளே எரிபொருளே இல்லை. ஆகவே அந்தப் பயமும் இல்லை.

ஏன் அந்தக் "கடகட" சத்தம்? பீய்ச்சிய டீசல் அந்தக் கணமே எரிவதில்லை. சூடாகி, ஆவியாகி, கலந்து, பிறகுதான் பற்றுகிறது. அந்தச் சிறு தாமதத்தில் சேர்ந்த எரிபொருள் ஒரேயடியாக எரியும்போது அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. அதுதான் சத்தம். தாமதம் குறைவாக உள்ள டீசலே நல்ல டீசல். அதை அளப்பது சீட்டேன் எண். பெட்ரோல் பம்பில் பார்க்கும் 95, 97 என்பவை ஆக்டேன் எண்கள். ஆக்டேன் கூடினால் எரிபொருள் தானாகப் பற்ற மறுக்கும். சீட்டேன் கூடினால் எளிதில் தானாகப் பற்றும். இரண்டும் எதிரெதிர்க் குணங்கள்.

தவறுதலாக டீசல் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே விளங்கும். தானாகப் பற்ற மறுக்கும் எரிபொருளை, தானாகப் பற்ற வேண்டிய இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம். அதோடு, டீசலுக்கு இருக்கும் மசகுத் தன்மை பெட்ரோலுக்கு இல்லை. உயர் அழுத்தப் பம்பு தேய்ந்து கெட்டுப்போகும். அப்படி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். தொட்டியைக் காலி செய்ய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இயந்திரத்தை எப்படி நிறுத்துவது? பெட்ரோல் இயந்திரத்தில் பொறியை நிறுத்தினால் போதும். டீசலில் நிறுத்துவதற்குப் பொறி ஏது? எரிபொருளைத்தான் நிறுத்த வேண்டும். பழைய லோரிகளில் ஓட்டுநர் ஒரு குமிழை இழுத்து இயந்திரத்தை அணைப்பதை உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். அந்தக் குமிழ் டீசல் வரத்தைத்தான் அடைத்தது.

5. வகைகள்

டீசல் இயந்திரங்களைப் பல கோணங்களில் பிரிக்கலாம். எந்தக் கோணம் என்று முதலில் சொல்லிவிட்டு வகையை எழுதுங்கள். விடை தெளிவாக இருக்கும்.

வீச்சு எண்ணிக்கைப்படி இரண்டு வகை. கார், லோரி, பஸ், ஜெனரேட்டர் எல்லாம் பெரும்பாலும் நான்கு வீச்சு. கிள்ளான் துறைமுகத்துக்கும் சிங்கப்பூருக்கும் வரும் பெரிய சரக்குக் கப்பல்களில் இருப்பது இரண்டு வீச்சு. அதில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திறன் வீச்சு உண்டு. பிஸ்டன் கீழே வரும்போது பக்கத்துத் துளைகள் வழியாகப் புதுக் காற்று பாய்ந்து, பழைய புகையை வெளியே தள்ளிவிடும். 2006-இல் கடலில் இறங்கிய எம்மா மேர்ஸ்க் கப்பலின் இயந்திரத்தைப் பாருங்கள்: 14 சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 96 சென்டிமீட்டர், பிஸ்டன் பயணம் 2.5 மீட்டர், எடை ஏறத்தாழ 2,300 டன். ஒரு மனிதன் உள்ளே இறங்கி நிற்கலாம். ஆனால் வேகம்? நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றுதான். இத்தகைய இயந்திரங்கள் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ பாதியை வேலையாக மாற்றுகின்றன.

வேகப்படி மூன்று வகை. நிமிடத்துக்கு 300 சுற்றுக்குக் கீழே மெதுவேகம்: பெரிய கப்பல்கள். 300 முதல் 1,000 வரை நடுத்தர வேகம்: ரயில் இயந்திரங்கள் பலவும், சிறிய கப்பல்களும். 1,000-க்கு மேல் அதிவேகம்: கார், லோரி, டிராக்டர். மலாயா ரயில்வேயில் 1957-இல் 20-ஆம் வகுப்பு டீசல் மின் ரயில் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. இதில் டீசல் இயந்திரம் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றாது. ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரம் சக்கரத்து மோட்டாரைச் சுற்றும்.

எரிபொருள் பீய்ச்சும் இடப்படி இரண்டு வகை. மறைமுகப் பீய்ச்சலில், முதன்மை அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு முன்னறை இருக்கும். தீ அங்கே தொடங்கிப் பெரிய அறைக்குப் பாயும். சத்தம் குறைவு, ஆனால் வெப்ப இழப்பு அதிகம். அதனால் குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்ப க்ளோ பிளக் என்ற சூடேற்றி தேவை. அது ஸ்பார்க் பிளக் அல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பொறி விடாது. தொடக்கத்தில் அறையைச் சூடாக்கும், அவ்வளவே. நேரடிப் பீய்ச்சலில் எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே போகிறது. இழப்பு குறைவு. இன்றைய வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

பீய்ச்சும் முறைப்படி, பழைய இயந்திரங்களில் ஒரு பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைத் தள்ளும். இப்போது காமன் ரெயில் முறை. எல்லா இஞ்செக்டர்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் டீசல் எப்போதும் உயர் அழுத்தத்தில் காத்திருக்கும். கணினி சொல்லும் நொடியில் இஞ்செக்டர் திறக்கும். கார்களில் இது 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாக வந்தது. இன்று அந்தக் குழாயின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 2,000 மடங்கையும் தாண்டும். ஒரே வீச்சில் கொஞ்சம் முன்னால், பிறகு நிறைய, பிறகு கொஞ்சம் என்று பிரித்துப் பீய்ச்ச முடிவதால் அந்தக் கடகட சத்தமும் அடங்கியது.

காற்று வரும் முறைப்படி இரண்டு வகை. இயல்பாகக் காற்றை உறிஞ்சுவது ஒன்று. டர்போ உள்ளது இன்னொன்று. வெளியேறும் புகை ஒரு விசிறியைச் சுற்ற, அதோடு இணைந்த இன்னொரு விசிறி காற்றை உள்ளே திணிக்கும். 1905-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி இதற்குக் காப்புரிமை பெற்றார். கூடுதல் காற்று, கூடுதல் எரிபொருள், கூடுதல் திறன்.

6. இதைக் கண்டுபிடித்தவர்

ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். மியூனிக்கில் மாணவராக இருந்தபோது, பேராசிரியர் கார்ல் லிண்டே ஒரு விரிவுரையில், நீராவி இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் 6 முதல் 10 விழுக்காட்டைத்தான் வேலையாக்குகிறது என்றார். மீதி 90 விழுக்காடு எங்கே போகிறது? அந்தக் கேள்வி மாணவரை விடவில்லை. 1893-இல் காப்புரிமை பெற்றார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இயந்திரம் 26 விழுக்காட்டைத் தொட்டது. ஒரு வகுப்பறையில் விழுந்த கேள்விக்கு அவர் கண்ட விடை அது.

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசல் கலப்பதும் அந்த வழியில் வந்ததுதான். போக்குவரத்துத் துறைக்கு 2019-இல் பி10 வந்தது. அதாவது பத்தில் ஒரு பங்கு உயிரி டீசல்.

7. புகையையும் சொல்ல வேண்டும்

நன்மைகளை மட்டும் கற்பித்துவிட்டு நிறுத்தக் கூடாது. டீசல் துளி எரியும்போது, துளியைச் சுற்றிச் சில இடங்களில் ஆக்சிஜன் போதாது. அங்கே கரித்துகள் உண்டாகிறது. சூடு மிகுந்த இடங்களில் காற்றில் உள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிறது. ஒன்றைக் குறைக்கப் போனால் இன்னொன்று கூடும். இதுவும் அதே காரணத்தின் விளைவுதான்: கலந்து எரிக்காமல், பீய்ச்சி எரிக்கிறோம். கரித்துகளைப் பிடிக்க வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசலும் புதிய வண்டிகளில் வைக்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. ஆகவே பள்ளி வாசலில் இயந்திரத்தை ஓடவிட்டபடி நிற்கும் பஸ் ஓட்டுநரிடம், "அண்ணே, பிள்ளைங்க நிக்கிறாங்க, கொஞ்சம் ஆஃப் பண்ணிடுங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மூடிய கூடத்துக்குள் டீசல் ஜெனரேட்டரை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

8. பயிற்சி

கீழ்க்காணும் கேள்விகளுக்கு முதலில் நீங்களே விடை எழுதுங்கள். பிறகு குறிப்பைப் பாருங்கள்.

அ) டீசல் இயந்திரத்தின் உறிஞ்சு வீச்சில் காற்று மட்டும் ஏன் வருகிறது?
குறிப்பு: எரிபொருளும் வந்தால், அமுக்கும்போதே நேரந்தவறிப் பற்றிவிடும்.

ஆ) அமுக்க விகிதம் 10, தொடக்க வெப்பநிலை 300 கெல்வின். இறுதி வெப்பநிலை என்ன? 10-இன் 0.4 அடுக்கு 2.51 எனக் கொள்க.
குறிப்பு: 753 கெல்வின், அதாவது 480 டிகிரி செல்சியஸ். அமுக்க விகிதம் 18-க்கு வந்த 680 டிகிரியோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

இ) ஒரு டீசல் இயந்திரத்தில் பிஸ்டன் வளையம் தேய்ந்து, அமுக்கும்போது காற்று கசிகிறது. காலையில் அது ஏன் கிளம்ப மறுக்கிறது?
குறிப்பு: கசிந்தால் அழுத்தம் குறையும், வெப்பநிலை போதிய அளவு ஏறாது, டீசல் பற்றாது.

மூன்றாவது கேள்விக்குச் சரியாக விடை எழுதினீர்களா? அப்படியென்றால் நீங்கள் மனப்பாடம் செய்யவில்லை, புரிந்துகொண்டீர்கள். இப்படி ஒரு விடையை எந்தப் பட்டியலிலிருந்தும் பார்த்து எழுத முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்தைப் பட்டியலோடு தொடங்காமல், ஒரு சைக்கிள் பம்போடு தொடங்கிப் பாருங்கள். அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "ஏன் சுடுது?" என்று கேளுங்கள். தீ மூட்டும் குழாய் உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு நீங்களே செய்துகாட்டுங்கள். மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். அந்தச் சின்னத் தீப்பொறியைப் பார்த்த பிள்ளை, டீசல் இயந்திரத்துக்குத் தீ வைப்பது யார் என்பதைத் தேர்வு அறையில் மறக்காது.